சத்தம் படாத பிள்ளை

ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிறவன் பட்டறை முதலாளியிடம் வாங்கிய கடன் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது. அதில் ஆஸ்பத்திரிக்குப் போனது மூவாயிரத்துச் சொச்சம்தான். அதுவும் வெளியே வாங்கச் சொன்ன மருந்துக்கும் பஸ்ஸுக்கும். மிச்சம் அத்தனையும் சத்தம் கேட்காமல் இருப்பதற்காகக் கொடுத்த காசு. நாள் முழுக்கத் தகரத்தை அடித்துச் சம்பாதிக்கிறவன், அந்தச் சத்தம் எட்டாத ஓர் அறைக்காகக் கடன்பட்டான்.

எங்கள் பட்டறையில் ஆறு பேர். பெட்டி, வாளி, எண்ணெய் டின், புகைபோக்கி, யார் என்ன கேட்டாலும் தகரத்தில் செய்து கொடுப்போம். நான் கத்திரிக்காரன். தகடு வெட்டுவது என் வேலை. நான் வெட்டிப் போடுவதை ரேடியோ இரும்புக்கல்லில் வைத்து ஓரம் மடித்துத் தட்டுவான். அவன் பெண்சாதி மூலையில் உட்கார்ந்து கைப்பிடிக்கு ஈயம் வைப்பாள். காலையில் முதல் அடி விழுந்துவிட்டால் சாப்பாட்டு நேரம் வரை காதுக்குள் வேறொன்றும் நுழையாது. அதனால் எங்கள் எல்லோருக்கும் பாதிக் காது போய்விட்டது. எதிரில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் சண்டைக்குப் போகிற மாதிரிதான் கேட்போம்.

ரேடியோ என்று அவனுக்குப் பெயர் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாய் மூடமாட்டான். ஆள் கிடைக்காவிட்டால் தகரத்தோடு பேசுவான். "வாடியம்மா இப்படி. மடங்கு. ஏன் முறைக்கிற? உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்." நடுவில் குரலை மாற்றிச் செய்தி வாசிப்பான். "இப்போது செய்திகள். கத்திரிக்காரர் இன்றும் குளிக்கவில்லை என்று தெரிய வருகிறது."

"அத அணைச்சுத் தொலைங்க" என்பாள் அவன் பெண்சாதி, ஈயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். ஆனால் அவன் ஒரு நாள் தொண்டை கட்டி வந்தபோது அவளுக்குத்தான் வேலை ஓடவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது. மழைக்காலத்தில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டு, வெளியே எடுக்க நேரமாகி, பிள்ளை நீலமாகப் பிறந்தது. அழவில்லை. மூச்சு வர எத்தனை நிமிஷம் ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. பெண் பிள்ளை.

மூன்று நாள் குளிர்ந்த மெத்தையில் போட்டிருந்தார்கள். பச்சைப் பிள்ளையை யாராவது குளிரில் போடுவார்களா என்று அவள் கேட்டதற்கு, வார்டு நர்ஸ் பொறுமையாகத்தான் பதில் சொன்னாராம். "மூளைக்குக் காத்து கிடைக்காம அடிபட்டிருக்கும்மா. அடிபட்ட கைய எப்படி அசைக்காம வெச்சிருப்போம்? அந்த மாதிரி. வெளிச்சம் படக்கூடாது. பக்கத்துல நின்னு பேசாதீங்க. சும்மா சும்மா தொடாதீங்க."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ ஒரு தரம் கண்ணாடிக்கு வெளியே நின்று, "என் தங்கமே" என்று அவனுடைய வழக்கமான குரலில் கூப்பிட்டுவிட்டான். உள்ளே பிள்ளை திடுக்கிட்டுக் கைகால் உதறியது. அவள் புருஷன் வாயைத் தன் கையால் பொத்தினாள். அந்தக் கையை அவள் பதினோரு மாதம் எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எவ்வளவோ சொல்லியிருப்பார்கள். ஆறு வாரத்தில் வரச் சொல்லி அட்டையில் எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் அந்த மூன்று நாளுக்காகச் சொன்ன ஒன்றை, இனிமேல் போதும் என்று யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

நாங்கள் குடியிருந்தது பட்டறைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில். ஆளுக்கு ஓர் அறை, மேலே தகரம். மழை பெய்தால் உள்ளே இருப்பவன் தலையிலேயே அடிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளையோடு வந்து வாசலில் நின்றவள் உள்ளே நுழையவே இல்லை. "இங்க வேணாங்க. வேற எடம் பாருங்க" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கடன். நாலு தெரு தள்ளி ஒரு பழைய பேப்பர் குடோனுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. கான்கிரீட் கூரை. சுற்றிலும் பேப்பர் கட்டுகள் அடுக்கி வைத்திருந்ததால் தெருச் சத்தம் உள்ளே வராது. முன்பணம் இருபதாயிரம். வாடகை எங்கள் வரிசையைப் போல இரண்டு மடங்கு. ஜன்னலுக்குக் கனமான திரை. கதவுக்கும் மூன்று பக்கச் சுவருக்கும் நுரை மெத்தை வாங்கி ஒட்டினோம். ஒட்டியவன் நான்தான். பசை வாடை போக இரண்டு நாள் ஆனது. உள்ளே நின்று பேசிப் பார்த்தேன். என் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் செத்து விழுந்தது.

"நல்லா இருக்குண்ணே" என்றாள் அவள், முதல் தடவையாக முகம் தெளிந்து. "இனிமே பாப்பா தூங்கித் தேறிடும்."

வாரம் முந்நூறு பிடித்துக்கொள்ளச் சொல்லி ரேடியோ கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது. எவர்சில்வர் பாத்திரத்தை எல்லாம் கட்டி மேலே போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வாங்கினாள். வளையலைக் கழற்றினாள். ரேடியோ வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுப் பூனை மாதிரி நுழைவான். சோறு வேண்டும் என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவான், போதும் என்றால் கையைக் காட்டுவான். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவான். பிள்ளை நடு அறையில் மல்லாந்து கிடக்கும். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் மட்டும் தூக்குவாள். உடனே படுக்க வைத்துவிடுவாள். கொஞ்சமாட்டாள். கொஞ்சத் தோன்றும்போது எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள் என்று ரேடியோ சொல்லியிருக்கிறான். அவளைப் போல ஆசையை அடக்கியவளை நான் பார்த்ததில்லை.

பிள்ளை அழவும் மாட்டாள். "எவ்வளவு சமத்துன்னு பாருங்கண்ணே" என்று என் காதருகே வந்து கிசுகிசுப்பாள் அவள். சுவரும் கூரையும் சேருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு பிள்ளை கிடப்பாள். அங்கே ஒன்றும் இருக்காது.

எங்கள் வரிசையில் துணி தேய்க்கிற அம்மா ஒருத்தி. நாலு பெண்களைப் பெற்றவள். ஒரு நாள் பிள்ளையைப் பார்க்க என்னோடு வந்தாள். திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தவள், எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டாள்.

"ஏன்டி, பிள்ளைய வளக்குறியா, ஊறுகா போடுறியா? இப்படி மூடி வெச்சிருக்க?"

"மெதுவாக்கா."

"என்ன மெதுவா? என் நாலும் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல கெடந்துதான் வளந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு விழும், கடிச்சுக்கும். குடுடி, ரெண்டு நாள் எங்கிட்ட விடு."

"உங்க பிள்ளைங்க பொறந்தவுடனே அழுதுச்சு" என்றாள் அவள். எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தேய்க்கிற அம்மா என்னைத் திட்டினாள். "நீங்களாவது சொல்லக் கூடாதா? கல்லு மாதிரி நிக்கிறீங்க."

"ஆஸ்பத்திரியில சொன்னதத்தானம்மா அது செய்யுது" என்றேன். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. படித்தவர்கள் சொன்னதை அப்படியே செய்கிற பெண்ணை யார் குறை சொல்வார்கள்?

ஆறு வாரத்து அட்டைக்குப் போகவில்லை. மூன்று மாதத்திலும் போகவில்லை. பஸ்ஸில் போனால் ஹாரன் அடிப்பான். அவ்வளவு நாள் காத்து வைத்ததை ஒரு ஹாரனில் கெடுத்துக்கொள்வதா? அவள் சொன்ன காரணம் அதுதான். நாங்களும் தலையாட்டினோம்.

பட்டறையிலும் ரேடியோ மாறிப்போனான். தகரத்தோடு பேசுவதை விட்டான். அடிக்கிற அடியில் மட்டும் வேகம் கூடியது. "செய்தி இல்லையா?" என்று யாராவது சீண்டினால், "நிலையம் மூடியாச்சு" என்பான். பிறகு அதையும் சொல்வதில்லை.

பதினோராம் மாதம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஹாரனோ எதுவோ, ஆட்டோ பிடித்துத்தான் ஆக வேண்டும். படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். நான் நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவன். ஒரு படிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும் அவர்களுக்கு இருந்தது நான்தான்.

வலிப்புக்கு மருந்து கொடுத்த பிறகு மறுநாள் வேறோர் அறைக்கு அனுப்பினார்கள். சுவர் எல்லாம் படம், தரையில் பாய், பந்து, கிலுகிலுப்பை. பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர், முப்பது வயதிருக்கும். பிள்ளையைப் பாயில் கிடத்தி ஒரு பக்கம் மணியை ஆட்டினார். பிள்ளை திரும்பவில்லை. முகத்துக்கு நேராகக் குனிந்து சிரித்தார். பிள்ளை அவர் நெற்றிக்கு மேலே எங்கோ பார்த்தது. கையைப் பிரித்துப் பார்த்தார். விரல் இறுக மூடியிருந்தது. குப்புறப் போட்டார். தலை எழும்பவில்லை, மூக்கு பாயில் அமுங்கியது. உடனே திருப்பிவிட்டார்.

"வீட்டுல யாரோட வெளையாடுவா?"

"வெளையாட விட்டதே இல்லீங்க" என்றாள் அவள். குரலில் ஒரு பெருமை இருந்தது. எத்தனையோ நாளாக யாரிடமாவது சொல்லக் காத்திருந்தது எல்லாம் வந்தது. திரை, நுரை மெத்தை, பிளாஸ்டிக் பாத்திரம், வளையல். "இவரு பதினோரு மாசமா வீட்டுல ஒரு வார்த்தை பேசலீங்க. இவரப் பத்தி எங்க ஆளுங்களக் கேட்டா தெரியும், வாய் மூடாத மனுசன். பாப்பாவுக்காக மூடிட்டாரு."

அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"நீங்கதாங்க. இங்கதான் சொன்னாங்க. வெளிச்சம் படக்கூடாது, பேசக்கூடாது, தொடக்கூடாதுன்னு."

"அது முத மூணு நாளைக்கும்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். "நிறுத்தச் சொல்லலீங்களே யாரும்."

அந்த அம்மா பிறகு தரையில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னது எனக்குப் புரிந்த மட்டும் இதுதான். காற்றில்லாமல் பட்ட இடம் பட்டதுதான், அது திரும்ப வராது. ஆனால் சின்னப் பிள்ளை மூளை நம் மூளை மாதிரி இல்லை. பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழி போட்டுக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு வருஷம் அதற்கு நல்ல காலம். ஆனால் வழி தானாக விழாது. முகம் பார்க்க வேண்டும், குரல் கேட்க வேண்டும், தூக்கணும், போடணும், எட்டாததை எட்டப் பார்க்கணும். வருகிறவர் போகிறவர் நடந்து நடந்துதான் தடம் விழும்.

"கைக்குக் கட்டுப் போடுறோம். ஆறு வாரத்துல அவுக்கிறோம். பதினோரு மாசம் அவுக்கலன்னா?"

ரேடியோ செருமிக்கொண்டு கேட்டான். "அப்ப இதெல்லாம் நாங்க செஞ்சதாம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. பொறந்தப்பவே நெறைய பட்டிருக்கு. எவ்வளவு அதனால, எவ்வளவு இதனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"யாராலயும் முடியாதா?"

"யாராலயும் முடியாது."

ஏதாவது ஒரு அளவு சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாதி என்றோ கால் என்றோ. அந்தப் பெண் அதைத் தூக்கிச் சுமந்திருப்பாள். அளவில்லாததை எப்படித் தூக்குவது? அவள் பிள்ளையின் துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"இனிமே லாபம் இல்லைன்னு அர்த்தம் இல்ல" என்றார் அந்த அம்மா. "இப்பவும் வழி இருக்கு. இன்னிக்கே ஆரம்பிங்க. வாரம் ரெண்டு நாள் இங்க வாங்க. வீட்டுல நல்லா சத்தம் போடுங்க."

அந்த வாரமே அறையைக் காலி செய்தோம். பிள்ளையை அங்கே இன்னொரு ராத்திரி போட அவள் சம்மதிக்கவில்லை. குடோன்காரன் முன்பணத்தில் ஆறாயிரம் திருப்பிக் கொடுத்தான். வருஷம் முடியாமல் போவதற்கு இவ்வளவு, சுவரெல்லாம் பசைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டான். நுரை மெத்தையைக் கிழித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. சண்டை போட எங்களுக்கு வாயில்லை.

பழைய தகர அறைக்கு வந்த அன்று சாயங்காலம், தேய்க்கிற அம்மா வாசலில் நிற்க, ரேடியோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசினான். "என் தங்கமே, அப்பாதான்டி. அப்பா பேசுறேன்." பிள்ளை உடம்பு விறைத்துக் கத்த ஆரம்பித்தது. அவ்வளவு அழுகை அதற்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அவளிடம் கொடுத்த பிறகும் அரை மணி நேரம் நிற்கவில்லை.

"அதுக்கு நீ யாருன்னு தெரியலப்பா" என்றாள் தேய்க்கிற அம்மா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பட்டறைக்குத் தூக்கி வர வேண்டும் என்று யோசனை சொன்னவள் பிள்ளையின் தாய்தான். நான் ஓர் எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி, ஓரத்தை உள்பக்கம் மடித்துக் கொடுத்தேன். பழந்துணி போட்டுப் பிள்ளையை அதில் சாய்த்து உட்கார வைத்து, ரேடியோவின் கல்லுக்கு நாலடி தள்ளி வைத்தோம். காதில் பஞ்சு வைக்கச் சொல்லியிருந்தார் பயிற்சி அம்மா. சத்தம் என்றால் இந்தச் சத்தம் இல்லை, பேச்சுச் சத்தம் என்றும் சொல்லியிருந்தார். அதனால் ரேடியோ பத்து அடி அடித்துவிட்டு நிறுத்தி, பஞ்சை எடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசுவான். பிறகு பஞ்சு, பத்து அடி. அவன் வேலை பாதியானது. நாங்கள் பகிர்ந்துகொண்டோம்.

"பாப்பா, இது வாளி. இதுக்குக் காது வெக்கிறேன். உனக்கு ரெண்டு, இதுக்கும் ரெண்டு. பேசு, என்ன மொறைக்கிற?"

இரண்டு மாதம் எதுவும் இல்லை. மூன்றாவது மாதம் அவன் சுத்தியலைத் தூக்கும்போதே பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தது. அடி விழப் போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ரேடியோ வேண்டுமென்றே சுத்தியலைத் தூக்கித் தூக்கி அடிக்காமல் நிறுத்தினான். ஐந்தாவது தடவை பிள்ளை சிரித்தது. ஒரு பக்கம்தான் வாய் போனது. ஆனாலும் அது சிரிப்புத்தான். மூலையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தவள் கையைச் சுட்டுக்கொண்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி அம்மா காட்டியதை எல்லாம் கணக்குத் தவறாமல் செய்தாள். கையை விரிப்பது, காலை மடக்குவது, குப்புறப் போட்டு முன்னால் பந்தை உருட்டுவது. ஆனால் பேச வரவில்லை. வாயைத் திறந்தால் கிசுகிசுப்புத்தான் வந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்பார் அந்த அம்மா. முயன்று பார்ப்பாள். தொண்டை நரம்பு புடைக்கும், காற்று மட்டும் வரும்.

ஒன்றே முக்கால் வயதில் பிள்ளை டிரம்முக்குள் சாயாமல் உட்கார்ந்தாள். பத்து எண்ணும் வரை. நடப்பாளா என்பதற்கு ஆஸ்பத்திரியில் பதில் இல்லை.

அந்த மாதம் முதலாளி மருமகள் பட்டறைக்கு வந்தாள். முழுகாமல் இருந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளைக்கு எச்சில் வழியும், தலை ஒரு பக்கம் தொங்கும், சத்தம் வந்தால் கை இழுத்துக்கொள்ளும். மருமகள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாள் முதலாளி ரேடியோவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்பா, உன் கணக்குல இன்னும் எவ்வளவு நிக்குது தெரியுமா?"

"பதினோராயிரத்து நானூத்தி இருபதுங்க."

"கழிச்சிடுறேன்."

ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தான்.

"பாவம், நீயும் எவ்வளவு கஷ்டப்படுவ. ஆனா பிள்ளை இங்க வேணாம். வர்றவங்க எல்லாம் என்ன ஏதுன்னு கேக்குறாங்க. வீட்டுல வெச்சுக்க. அமைதியா இருக்கட்டும். அந்த மாதிரிப் பிள்ளைக்கும் அதான் நல்லது."

ரேடியோ வெளியே வந்து பெண்சாதியிடம் சொன்னான். சொல்லும்போதே கத்தினான். "நாய்க்கு எலும்பு போடுற மாதிரி போடுறான். எவனுக்கு வேணும்? கடைசிக் காசு வரைக்கும் கட்டுறேன். பிள்ளை இங்கதான் இருக்கும். என் குரலு இப்பத்தான் அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"கட்டினாலும் வெளிய போகச் சொல்லுவாரு" என்றாள் அவள், அந்தக் கிசுகிசுப்பிலேயே. "அவரு எடம்."

"அப்ப?"

"கழிக்கச் சொல்லுங்க."

"என்னடி சொல்ற?"

"பட்டறைக்குள்ள வேணாம்னுதான சொன்னாரு. தேய்க்கிற அக்கா வீட்டுல விடுறேன். நாலு இருக்கு அங்க, நாள் பூரா கத்திக்கிட்டு. பேச்சுச் சத்தம்தான வேணும்? வாரம் முந்நூறு மிஞ்சினா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போகலாம்."

"அப்ப நானு?"

அவள் ஈயக் கோலைத் துடைத்து வைத்தாள். "உங்களப் பத்தி யோசிக்க எனக்கு எடம் இல்லங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள்.

அன்று மத்தியானமே முதலாளி நோட்டில் குறுக்கே கோடு போட்டார். ரேடியோ கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னான். பாக்கி இல்லை என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

மறுநாள் தேய்க்கிற அம்மா வந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கல்லுக்குப் பக்கத்தில் டிரம் வெறுமையாகக் கிடந்தது. ரேடியோ ஒரு தகட்டை எடுத்துப் போட்டான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் வரிசை வீடுகள்.

"பாப்பா! அப்பா வாளிக்கு அடி வெக்கிறேன். கேக்குதா?"

அந்தப் பழைய ரேடியோக் குரலில் அவன் பேசி இரண்டு வருஷமாகியிருக்கும். பத்து அடி. நிறுத்தினான். "இப்ப ஓரம் மடிக்கிறேன் பாப்பா! வாளி மொறைக்குது!" மற்றவர்கள் தலை நிமிரவில்லை. முதலாளி மேஜையிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டுக்குள் குனிந்துகொண்டார். ஈயம் வைத்துக்கொண்டிருந்தவளும் நிமிரவில்லை.

பதினோரு மணிக்கு டீ வாங்கப் போனேன். "அண்ணே, அப்படியே பின்னால போய்ப் பாருங்க, கேக்குதான்னு" என்றான்.

போனேன். தேய்க்கிற அம்மாவின் அறை வாசலில் பாய் போட்டு அதில் பிள்ளையைச் சாய்த்திருந்தார்கள். நாலு பெண்களும் சுற்றிலும். ஒருத்தி பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டினாள். இன்னொருத்தி முகத்துக்கு நேராக நாக்கை நீட்டினாள். கடைக்குட்டி ஒரு மூடியைத் தரையில் தட்டிக்கொண்டே கத்தினாள். பிள்ளை முகம் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கை ஒன்று விரிந்து அந்த மூடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து ரேடியோவின் குரல் வந்தது. நன்றாகவே கேட்டது. "பாப்பா! அப்பாதான்டி!" மறுபடியும் வந்தது. நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது திரும்பவில்லை. அந்த மூடியைத்தான் பார்த்தது.

டீயோடு உள்ளே வந்தேன். சுத்தியலைத் தூக்கியபடியே நிறுத்திக் காத்திருந்தான்.

"என்னண்ணே, கேக்குதா?"

"கேக்குது" என்றேன். "சுவத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

சுத்தியலை இறக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூலையில் அவன் பெண்சாதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளிடம் டீயைக் கொடுத்துவிட்டுக் கத்திரியை எடுத்தேன்.